படத்தின் ஓரத்தில் ஒரு கை

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் பேசலாம் என்றால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். மூன்று முறை ஆகிவிட்டது. கடிதத்தை அப்படிச் சட்டென்று வைத்துவிட முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கிழித்துப் போடலாம்தான். ஆனால் படிக்காமல் கிழிக்கிற ஆள் இல்லை நீ. பொட்டலம் கட்டி வந்த காகிதத்தையே நீவிவிட்டுப் படிப்பவள்.

விஷயம் இதுதான். ஜனவரியில் அம்மா போன அன்று என் கேமராவைப் பிடுங்கி அதன் பின்மூடியைத் திறந்தாய். நான் உடனே வாங்கி மூடினேன். பிறகு ஃபிலிம் ரோலைச் சுற்றி வெளியே எடுத்து, "நீயே வெச்சுக்கோ" என்று மேசையில் வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். அந்த ரோல் இன்னும் உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் அனுப்பி வை. அதில் ஆபீஸ் படங்கள் ஒன்பது இருக்கின்றன, பாலத்தில் மோதிய ஒரு சிமெண்ட் லாரி. அடிபட்ட வண்டிகளைப் படம் எடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கொடுப்பதுதான் என் பிழைப்பு என்று உனக்குத் தெரியும். மேலதிகாரி கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த ரோலில் இருபத்தொரு படம் எடுத்ததாக என் நோட்டில் இருக்கிறது. கடைசிப் படம் எடுத்ததும் கேமராவில் பார்த்த எண் இருபத்திரண்டு. பதினாறு வருட வேலையில் எனக்கு ஒரு படம்கூடத் தப்பியதில்லை.

உன் தம்பி


ஆகஸ்ட் 14

தம்பிக்கு,

"அன்புள்ள" என்று எழுத வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

ஏழு மாதமாகவா ஒரு லாரி பாலத்தில் மோதிய நிலையில் உனக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது? யார் காதில் பூச்சுற்றுகிறாய்?

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தாள். குளியலறைக்குப் போக வேண்டும் என்றாலும் ஒரு கை என் தோளில், ஒரு கை சுவரில். லாண்டரி வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் ஓடி வருவேன், மறுபடி ஓடுவேன். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு நீ கடைசி ஐந்து நாள் வந்து தலையைக் காட்டினாய். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தூரம், வேலை, எல்லாம் எனக்கும் தெரியும்.

ஆனால் அன்று நீ செய்தது. கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருக்கிறார்கள். நீ கேமராவோடு தலைமாட்டுப் பக்கம் நின்று ஒன்று எடுத்தாய். நடந்து போய்க் கால்மாட்டில் முட்டி போட்டு ஒன்று. அப்புறம் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அம்மாவை மோதின வண்டி மாதிரி சுற்றிச் சுற்றி எடுத்தாய். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் ஃபேக்டரித் தோழி, "உன் தம்பி என்னம்மா செய்யறான்?" என்று கேட்டாள். நான் என்ன பதில் சொல்வது?

சரி, அதை விடு. இதைக் கேள். அம்மாவின் படம் ஒன்றைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டலாம் என்று போன மாதம் அப்பாவின் ஆல்பத்தை எடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அம்மா இல்லை. அவள் கைதான் இருக்கிறது. என் ஏழாவது வயதுப் படத்தில் ரிப்பனைச் சரி செய்கிற இரண்டு விரல். நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்று எடுத்த படத்தில் உன் காலரைப் பிடித்தபடி முழங்கை வரைக்கும். அப்பாவின் அவசரம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "ரெடி" என்று சொல்வதற்குள் அமுக்கிவிடுவார். அம்மாவோ சட்டை ஃபேக்டரியில் செக்கிங் வேலை பார்த்தவள். நூல் பிரிந்திருந்தாலும் காலர் கோணியிருந்தாலும் அவள் கை சும்மா இருக்காது. அவர் முந்திக்கொள்ள, இவள் பிந்திக்கொள்ள, நமக்கு மிஞ்சியது ஓரத்தில் ஒரு கை.

முகம் தெரிகிற மாதிரி இருப்பது ஃபேக்டரி அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதிலும் வாய்க்கு மேல் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருக்கிறார்கள். எனக்கு அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருகிறது. படுக்கையில் கிடந்த முகம்தான் வருகிறது, அதற்கு முந்தியது வர மாட்டேன் என்கிறது. பயமாக இருக்கிறது.

ரோல் எங்கே என்று நான் சொல்லப் போவதில்லை.

அக்கா


ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்காவுக்கு,

லாரி விஷயம் பொய்தான். அதை மறு வாரமே போய் மறுபடி எடுத்துக் கொடுத்துவிட்டேன். அது ரிப்பேர் ஆகி, ரோட்டுக்கு வந்து, ஜூன் மாதம் இன்னொரு பாலத்தில் மோதியும்விட்டது. டிரைவர் என்னைப் பார்த்து, "சார், நீங்களா, வாங்க" என்று உறவுக்காரனை வரவேற்பது போல வரவேற்றான்.

அம்மாவின் தோழிக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறாய். எனக்கும் அப்போது தெரியாது. இப்போது கொஞ்சம் தெரிகிறது.

ஒரு வண்டி அடிபட்டால், அதை ரோட்டை விட்டு நகர்த்துவதற்கு முன் நான் போயாக வேண்டும். நான்கு மூலையிலிருந்தும் எடுப்பேன். நான் எடுத்து முடித்துத் தலையசைத்தால்தான் கிரேன் கிட்டே வரும். அன்று வாசலில், "வண்டி வந்துடுச்சு" என்று யாரோ சொன்னார்கள். இனி அம்மாவை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நகர்த்துவதற்கு முன் செய்ய எனக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். நான்கு மூலையும் எடுத்தேன். முடிந்துவிட்டது. முடிந்தால் நகர்த்திவிடுவார்களே என்று மறுபடி முதல் மூலையிலிருந்து ஆரம்பித்தேன். எட்டாவது படத்தில் நீ கேமராவைப் பிடுங்கினாய்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் அதற்கு முன் உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அந்த ரோலில் உயிரோடு இருக்கிற அம்மா இருக்கிறாள். நான் வந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியில், நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். நாலு படம் எடுத்தேன். முதலில் கையை நீட்டி மறைத்தாள். அடுத்ததில் துண்டால் வாயை மூடிக்கொண்டாள், மூன்றாவதில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அம்மா, இதுல ஃபிலிம் இல்ல, சும்மா பிடிச்சுப் பார்க்கறேன்" என்று ஒரு பொய் சொன்னேன். "ஃபிலிம் இல்லாத கேமராவை எதுக்குடா தூக்கிட்டு அலையறே?" என்று கேட்டுவிட்டு நேராகப் பார்த்துச் சிரித்தாள். அப்போது எடுத்தது நாலாவது.

அன்றே உன்னிடம் கத்திச் சொல்லியிருக்க வேண்டும். கோபத்தில் ரோலை வைத்துவிட்டு வந்தேன். அப்புறம் எழுத நினைத்தபோதெல்லாம், எழுதினால் உனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டேன். இப்போது முகம் மறந்து வருகிறது என்கிறாய். இதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

உன் தம்பி


செப்டம்பர் 9

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. நாலு முறை எழுத உட்கார்ந்தேன்.

ரோல் லாண்டரியில் இருக்கிறது. துவைக்க வருகிற துணிகளின் பாக்கெட்டில் கிடைப்பதைப் போட்டு வைக்க எங்களிடம் ஒரு தகரப் பெட்டி உண்டு. சாவி, பொத்தான், பஸ் டிக்கெட், ஒரு முறை ஒரு பல் செட். ஆறு மாதம் வைத்திருப்போம், கேட்பாரில்லை என்றால் கொட்டிவிடுவோம். ஜனவரியில் வேலைக்குத் திரும்பிய அன்று உன் ரோலை அந்தப் பெட்டியில் போட்டேன். ஜூலையில் பெட்டியைக் காலி செய்தது நான்தான். அதை மட்டும் எடுத்துத் திரும்ப உள்ளே வைத்தேன்.

மூடியைத் திறந்தால் வெளிச்சம் பட்டுப் படம் போய்விடும் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. தெரியும். தெரிந்துதான் திறந்தேன். உன் படங்கள் போகட்டும் என்று திறந்தேன். அவள் சிரிப்பு உள்ளே இருந்தது என்று மட்டும்தான் தெரியாது.

இரண்டு வருடம் அவளுக்கு ஒரு வேளை மாத்திரைகூடத் தப்பாமல் கொடுத்தேன். கடைசியில் இதைச் செய்தேன்.

அக்கா


செப்டம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நிதானமாகப் படி. இது ஆறுதலுக்காக எழுதுவது இல்லை, என் தொழில்.

கேமராவுக்குள் ஃபிலிம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குச் சுற்றிக்கொண்டே போகும். முதலில் எடுத்த படம் உள்ளே போகும், கடைசியில் எடுத்தது மேலே இருக்கும். நூல்கண்டில் நூல் சுற்றுகிற மாதிரி. மூடியைத் திறந்தால் வெளிச்சம் மேல் சுற்றுகளைத்தான் முதலில் தின்னும். திறந்திருந்தது ஒரு மூச்சு விடுகிற நேரம். ஆகவே அந்த எட்டுப் படமும் கட்டாயம் போயிருக்கும். போகட்டும். அவற்றை நானும் பார்க்க விரும்பவில்லை. லாரி பத்திரமாக இருக்கும், லாரிக்கு எப்போதும் ஆயுசு கெட்டி. அம்மா நடுவில் இருக்கிறாள். நாலில் ஒன்று தப்பியிருக்கலாம். எல்லாமே போயிருக்கவும் செய்யலாம்.

அனுப்பு என்று முதலில் கேட்டேன். இப்போது அனுப்ப வேண்டாம். வழியில் தொலைந்தால் இரண்டு பேரும் தாங்க மாட்டோம். அங்கேயே ஏதாவது ஸ்டூடியோவில் கழுவக் கொடு. இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே இருக்கட்டும் என்று தோன்றினாலும் சரி, நான் குறை சொல்ல மாட்டேன். முடிவு உன்னுடையது. கூட இருந்தவள் நீ.

திறந்தது நீ என்றால், கேமராவை அந்த இடத்துக்குக் கொண்டு வந்தது நான். அம்மாவிடம் இதைச் சொன்னால் யாரைத் திட்டியிருப்பாள்? இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துத் திட்டியிருப்பாள், திட்டும்போதே உன் தோளிலிருந்து ஒரு நூலை எடுத்திருப்பாள்.

உன் தம்பி


அக்டோபர் 5

அன்புள்ள தம்பிக்கு,

எழுத வந்துவிட்டது, பார்.

பத்து நாள் ரோலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். கழுவாத வரைக்கும் அவள் உள்ளே சிரித்துக்கொண்டு இருப்பாள். கழுவினால் இல்லை என்று ஆகிவிடலாம். போன வியாழக்கிழமை, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற ஸ்டூடியோவில் கொடுத்துவிட்டேன். கொடுத்தபோது ஸ்டூடியோக்காரர், "மூடி திறந்துடுச்சா?" என்று கேட்டார். "திறந்தேன்" என்றேன். அவர் ரசீதில் ஏதோ எழுதிக்கொண்டார்.

நேற்று மத்தியானம் வாங்கப் போனேன். அவர் கண்ணாடிப் பலகைக்குக் கீழே விளக்கைப் போட்டு ஃபிலிமை நீட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"லாரி ஒம்பதும் பளிச்சுனு இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ எழுதியிருந்தது அப்படியே நடந்திருக்கிறது.

"கடைசி எட்டு மொத்தமா போச்சு. அதுக்கு முன்னால ஒரு நாலு, அதுவும் அடிபட்டிருக்கும்மா. இதோ இதுல மட்டும் ஒரு கை தெரியுது."

நீ எடுத்த நாலில் முதலாவது. மறைக்க வந்த கை. பிரிண்டில் முகம் இருக்க வேண்டிய இடம் முழுக்க வெள்ளை. அதற்கு அடுத்ததில் துண்டின் நுனி. மற்ற இரண்டிலும் ஒன்றுமே இல்லை. அவள் நேராகப் பார்த்துச் சிரித்தது போய்விட்டது, தம்பி. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அவர் பாவம், கடையில் வேறு ஆள் இல்லை, என்ன செய்வது என்று தெரியாமல் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணு நல்லா வந்திருக்கும்மா, ஆனா இது லாரியும் இல்ல, உங்க அம்மாவும் இல்ல. யாரோ ரெண்டு பேர் தூங்கறாங்க" என்றார்.

பத்தாவது படம். லாரிக்கு அடுத்தது, உன் நாலுக்கு முந்தியது. உன் நோட்டில் இல்லாதது. உனக்குக் கணக்கு தப்பவில்லை.

இதோடு வைத்திருக்கிறேன், முதலில் அதைப் பார்த்துவிட்டு மேலே படி.

ஆஸ்பத்திரி அறை, கதவை ஒட்டிய பெஞ்சு. நீயும் நானும். நீ சுவரில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாய். நான் உன் தோளில் தலையை வைத்துத் தூங்குகிறேன். பக்கத்தில் உன் பை. மூலையில் கேமராவே அச்சடித்திருக்கிற தேதியைப் பார், நீ வந்து இறங்கிய நாள். அன்று மத்தியானம்தான் இரண்டு பேரும் அசந்து தூங்கினோம். நீ வந்ததும் கேமராவை அம்மாவின் கட்டிலில் வைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று அந்த அறையில் நம்மைத் தவிர இருந்தது ஒரே ஒருத்தி.

இடது ஓரத்தில் மங்கலாகச் சிவப்பாக ஏதோ தெரிகிறது இல்லையா? வெளிச்சம் பட்ட கறை என்றுதான் நானும் நினைத்தேன். "விரல்மா, லென்ஸ் மேல விரல் பட்டிருக்கு. பழக்கமில்லாதவங்க எடுத்தா இப்படித்தான்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிலது புரிந்தது. அவள் கட்டில் ஜன்னல் பக்கம். அங்கிருந்து எடுத்திருந்தால் கட்டில் கம்பி குறுக்கே விழுந்திருக்கும். கம்பி இல்லை. நின்றுகொண்டு எடுத்திருக்கிறாள். இரண்டு வருடம் என் தோள் இல்லாமல் ஓர் அடி வைக்காதவள், கட்டிலை விட்டு இறங்கி வந்திருக்கிறாள்.

நீ அன்று பஸ்ஸில் தூங்கி வந்ததில் உன் காலர் ஒரு பக்கம் உள்ளே மடங்கிக் கிடந்தது. உள்ளே வந்ததுமே கவனித்தேன். உன் மேல் இருந்த கோபத்தில் சொல்லவில்லை. படத்தில் பார். காலர் நேராக இருக்கிறது.

நான் கண்ணாடியோடுதான் தூங்கினேன். படத்தில் என் முகத்தில் அது இல்லை; விழித்தபோது மேசை மேல் மடித்து வைத்திருந்தது. நீ கழற்றி வைத்தாய் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காக உன் மேல் ஒரு துளி நல்ல எண்ணத்தை மிச்சம் வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிட்டே வந்து இரண்டு பேரையும் சரி செய்துவிட்டு, அப்புறம் தள்ளிப் போய் நின்று எடுத்திருக்கிறாள். அப்பா மாதிரி அவசரப்படவில்லை. தாறுமாறாக இருக்கிற பிள்ளைகளை அவள் படம் எடுக்க மாட்டாள்.

இதைத்தான் பெரிதாக்கிச் சுவரில் மாட்டப் போகிறேன். உன் மாமா, "இதுல அத்தை எங்கே?" என்றார். விரலைக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஆணி அடிக்கச் சுத்தியலைத் தேடப் போனார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த நாலாவது படம் உன் கண்ணில் மட்டும்தான் இருக்கிறது. அவள் எப்படிச் சிரித்தாள் என்று எனக்குச் சொல்ல வேண்டும்.

அக்கா


அக்டோபர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

படம் வந்தது. ஆபீஸில் பிரித்துவிட்டேன், வீட்டுக்குப் போய்ப் பிரித்திருக்கலாம். மேலதிகாரி, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு லீவு எழுதச் சொன்னார்.

கண்ணாடியைக் கழற்றியது நான் இல்லை. அந்த ஒரு துளி நல்ல எண்ணத்தைத் திருப்பிக் கேட்காதே, செலவாகிவிட்டது.

என் நோட்டை எடுத்து ஜனவரிப் பக்கத்தைத் திருத்தினேன். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று கட்டம் உண்டு: எண், எடுத்த பொருள், எடுத்தவர். மூன்றாவது கட்டத்தில் பதினாறு வருடமாக என் கையெழுத்து மட்டும்தான். பத்து என்று எழுதி, பக்கத்தில் "பிள்ளைகள் இருவர், சேதம் இல்லை" என்று எழுதினேன். எடுத்தவர்: அம்மா.

நாலாவது படத்தைக் கடிதத்தில் எழுதிப் பார்த்தேன். வரவில்லை. நேரில்தான் சொல்ல முடியும், அவள் மாதிரியே தலையைச் சாய்த்துக் காட்டினால்தான் உனக்குப் புரியும். சனிக்கிழமை பஸ்ஸில் கிளம்புகிறேன். கேமராவையும் கொண்டு வருகிறேன், ஃபிலிம் போட்டு. நீயும் மாமாவும் ஒரு படத்துக்கு நிற்க வேண்டும்.

வழியெல்லாம் தூங்கித்தான் வருவேன். காலர் மடங்கியிருந்தால் இந்த முறை சொல்லிவிடு.

உன் தம்பி